கல்லை விலத்தி உழுகிறவர்

செட்டிகுளம் தாண்டியதும் பஸ்ஸின் சில்லுக்குக் காற்றுப் போய்விடுகிறது. அம்மன் கோயில் மத்தியானப் பூசைக்குப் போய்ச் சேருவேனோ என்று மனம் அந்தரப்படுகிறது. உட்கார முடியாமல் இறங்கி வீதியோரம் நடக்கிறேன்.

பக்கத்து வயலில் ஒரு முஸ்லிம் பெரியவர் உழுகிறார். வயலுக்குள் அரசாங்கத்தின் எல்லைக்கற்கள் நிற்கின்றன. ஒவ்வொரு கல்லையும் தட்டாமல் விலத்தி உழவு மெஷினை வளைக்கிறார்.

“ஏன் நானா இந்தப் பாடு?”

“நாங்க இடம்பெயர்ந்து திரும்பி வாறதுக்குள்ள வயல் பத்தையாப் போச்சு, தங்கச்சி. அதைக் காடெண்டு கொழும்பில எழுதிப்போட்டாங்க. கோட்டுக்குப் போனன். வழக்கு முடியுமட்டும் என்னை உழவிடாம மறிக்கக்கூடாதெண்டு நீதிபதி அவங்களுக்குச் சொல்லிப்போட்டார்.”

“அப்ப கல்லைப் புடுங்கி எறியுங்கோவன்!”

“நல்ல கதை! அரசாங்கமே கோட்டுக்கு அடங்கி நிக்குது, நான் துள்ளுறதோ? கல்லைத் தொட்டா நாளைக்கு நான்தான் கள்ளன்.” சிரித்தவர் குரலைத் தாழ்த்துகிறார். “தீர்ப்புக்கு முன்னம் இந்த நீதிபதியை மாத்திப்போடுவாங்களோ எண்டுதான் நித்திரையில்லை.”

பஸ் கூப்பிடுகிறது. ஏறியும் மனம் ஆறவில்லை. வீட்டுக்காகக் கேட்க வந்ததெல்லாம் மறந்து, வழிநெடுக இதையே முணுமுணுக்கிறேன்: அம்மாளாச்சி, அந்த நீதிபதியை அங்கேயே இருக்க விடு.