சுச்சுதான் என்று சொல்லாதவர்

எஞ்சினிலிருந்து ஆயில் ஸ்டிக்கை உருவி, நுனியில் ஒட்டிய ஆயிலை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்க்கிறார் குழந்தைவேல். டீசல் வாசம் அடிக்கிறதா என்று முகர்கிறார். பிறகு உள்ளங்கையில் பூசிக்கொண்டு வெயிலுக்கு வருகிறார். பேரிங் தேய்ந்திருந்தால் ஆயிலில் பொடிப்பொடியாக மினுக்கும். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இவ்வளவு நிதானமான மெக்கானிக் அபூர்வம். டிரைவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

"சுச்சா இருக்குமுங்க, மாத்தி உடுங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால் போச்சு. "அவசரம்னா வேற பட்டறைக்கு ஓட்டிக்கிட்டுப் போ சாமி" என்பார். ஆயில் பிரஷர் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு, அதை எரியவைக்கும் சுச்சு கெட்டாலும் எரியும். பழைய லாரிகளில் பாதிக்குப் பாதி சுச்சுக் கோளாறுதான். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

நாலு வருஷத்துக்கு முன் தங்கை பழனியம்மாளின் வீட்டுக்காரர் அர்த்தநாரி அந்த விளக்கோடு வந்து நின்றார். முட்டை லோடு காத்திருந்தது. குழந்தைவேல் ஸ்டிக்கைக்கூடத் தொடவில்லை. "சுச்சுதானுங்க மச்சான், வந்து மாத்திக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே ஒயரைப் பிடுங்கிவிட்டார். விளக்கு அணைந்தது. ஓசூர் போய்ச் சேருமுன் ஆயில் ஏறாமல் எஞ்சின் பிடித்துக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. நடுரோட்டில் இறங்கிப் பார்த்தவரைப் பின்னால் வந்த வண்டி அடித்துப் போட்டதில் அங்கேயே உயிர் போய்விட்டது. பழனியம்மாள் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

எஞ்சினைப் புதுப்பித்து அதே லாரியை இப்போது ஓட்டுவது அவள் மகன் பிரபாகர். இன்று காலை அவன் வந்து, "மாமா, லைட்டு எரியுதுங்க" என்றான்.

குழந்தைவேல் ஸ்டிக்கை உருவி, ஆயிலைத் தேய்த்து வெயிலில் காட்டினார். எல்லாம் பார்த்தார். சுச்சைக் கழற்றி, அந்த இடத்தில் தன் பிரஷர் மீட்டரை முடுக்கி, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இன்னொரு முறை பார்த்தார். அப்போதும் நின்றது. புதுச் சுச்சைப் போட்டதும் விளக்கு அணைந்துவிட்டது.

"அப்ப சுச்சுதானுங்களே மாமா?"

அவர் கழற்றிய பழைய சுச்சை உள்ளங்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"லோடு நிக்குதுங்க. கெளம்பட்டுங்களா?"

கையைக்கூடத் துடைக்காமல் குழந்தைவேல் சுற்றிப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "நானும் வாரேன். எடு சாமி."

லாரி ரோட்டில் ஏறியது. எதிரே என்ன வருகிறது என்று அவர் பார்க்கவில்லை. எரியாத அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.