ஏகாம்பரம் கேட்டைத் தாண்டிய காலை

1. முதல் வகுப்பு

அம்பத்தூர் பக்கத்துக் கலைக்கல்லூரி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் பிற்பாதியில். சைக்காலஜி அங்கே தனித் துறை இல்லை. பி.ஏ. மாணவர்களுக்கு அது ஒரு துணைப்பாடம், அதற்கு ஒரே டீச்சர் நான்.

முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"மேடம், நான் இப்போ இன்னா நெனைக்கிறேன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"பெல் எப்ப அடிக்கும்னு நெனைக்கிற."

"கரெக்டு மேடம்" என்று உட்கார்ந்துவிட்டான். வகுப்பே சிரித்தது. மனசைப் படிக்கிற மேடம் என்ற பெயர் அன்றைக்கே வந்துவிட்டது. அது பொய்ப் பெயர் என்று புரியவைக்க எனக்கு அந்த வருஷம் முழுவதும் பிடித்தது.

2. செல்வியின் சந்தேகம்

கண்டிஷனிங் பாடம் நடத்திய அன்று செல்வி என்ற பெண் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். முன் பெஞ்சுக்காரி. அதுவரை வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

"மேடம், மணிச் சத்தம் கேட்டா நாய்க்கு எச்சில் ஊறும்னு சொன்னீங்க. அதே மாதிரி மனுசனுக்குப் பயமும் ஊறுமா?"

ஊறும் என்றேன். உடனே அவள் கண் கலங்கிவிட்டது.

அவள் அப்பா ஏகாம்பரம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஆபரேட்டர். தகட்டை அச்சில் வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து இறங்கி வெட்டுகிற மெஷின். சில மாதங்களுக்கு முன் அது அவருடைய இடது கையைப் பிடித்துவிட்டது. இரண்டு விரல் போயிற்று. காயம் ஆறிவிட்டது. ஸ்டோர்ஸில் லேசான வேலை தருகிறோம் என்று கம்பெனியும் கூப்பிட்டது. தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். மண்ணூர்பேட்டைத் திருப்பத்தில் பிரஸ் சத்தம் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் வியர்த்து, கால் நடுங்கி, வாந்தியெடுத்துத் திரும்பிவிடுகிறார்.

"அம்மா அவரு நடிக்கிறாருன்னு திட்றாங்க மேடம். இந்த மாசக் கடைசிக்குள்ள வரலன்னா பேரை எடுத்துடுவோம்னு கம்பெனில சொல்லிட்டாங்க."

நான் பாடம் நடத்துகிறவள், வைத்தியம் பார்க்கிறவள் இல்லை. டாக்டரிடம் கூட்டிப் போ என்றேன். அவர் வர மாட்டாராம். அங்கே போனால் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி கேஸ் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம். எனக்குத் தெரிந்த மனநல டாக்டர் ஒருவரிடம் நானே போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அவரால தாங்க முடியற தூரம் வரைக்கும்தான் போகணும். அங்கயே நிக்கணும். படபடப்பு இறங்கின பிறகுதான் திரும்பணும். யாரும் பிடிச்சுத் தள்ளக்கூடாது. மோசமானா எங்கிட்ட அழைச்சிட்டு வாங்க."

3. திருப்பம் வரைக்கும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, முன்னால் ஒரு வேப்பமரம். ஏகாம்பரம் இடது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் யாரோ தகரக் கதவைச் சாத்தினார்கள். அவர் தோள் இரண்டும் தூக்கிப்போட்டது.

"பாத்தீங்களா டீச்சரம்மா? இதான் கதி. எனுக்குத் தெரியுது, ஒண்ணும் ஆவாதுன்னு. ஆனா ஒடம்பு கேக்கமாட்டேங்குது."

"ஒடம்பு பாடம் படிச்சிடுச்சு சார். ஒரே நாள்ல நல்லாப் படிச்சிடுச்சு. வேற பாடம் சொல்லிக் கொடுக்கணும்னா கொஞ்சம் கொஞ்சமாத்தான் முடியும்."

அவர் யோசித்தார். "பைத்தியம் இல்லியே?"

"இல்ல சார்."

டாக்டர் சொன்ன முறையில் அப்பாவும் மகளும் காலையில் நடக்க ஆரம்பித்தார்கள். முதலில் சத்தம் லேசாகக் கேட்கிற பஸ் ஸ்டாப் வரை. அங்கே டீ குடித்துவிட்டு நிற்பார்கள். செல்வி அவசரப்படுத்தமாட்டாள். அவர் 'இப்ப பரவால்ல' என்ற பிறகுதான் திரும்புவார்கள். அப்புறம் திருப்பம். அப்புறம் திருப்பத்தைத் தாண்டி ஒரு லைட் கம்பம். கல்லூரிக்கு வந்ததும் செல்வி ஸ்டாஃப் ரூம் வாசலில் எட்டிப் பார்ப்பாள். "லைட் கம்பம் மேடம்!" அவ்வளவுதான் சொல்வாள். எனக்கு அன்றைய பொழுது அதிலேயே நன்றாகிவிடும்.

4. முனியம்மாள்

மாசக் கடைசி நெருங்கியது. செல்வியின் அம்மா முனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர்களோடு தானும் கிளம்பி, கம்பெனி கேட் கண்ணில் பட்டதும் புருஷனின் முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கிறாள். "இன்னும் நாலு அடி. போய்யா! ஆம்பள, மெசினு சத்தத்துக்கு நடுங்கிக்கினு கீற!" அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை.

நான் போனபோது முனியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் கெடுத்துட்டேன் டீச்சர். வேல பூடுமோன்னு பயம். எனுக்கும் பயம்தான் டீச்சர், என்னை யாரு கேட்டா?"

யாரும் கேட்டிருக்கவில்லைதான். வேப்பமரத்தடியில் அவளோடு உட்கார்ந்தேன். விபத்து நடந்த அன்று ரத்தம் ஊறிய சட்டையை அலசினது இவள். அதற்குப் பிறகு அந்தக் கையை அவள் பார்க்கவே இல்லையாம். அவர் காட்டவில்லை, இவளும் கேட்கவில்லை. அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். அவள் குரல் மட்டும் கேட்டது.

"யோவ், துண்ட எடு. நான் பாக்கணும்."

கொஞ்சம் கழித்து, "வலிக்குதா?"

"மழ வந்தா வலிக்குது."

மறுநாள் மறுபடியும் பஸ் ஸ்டாப்பிலிருந்து தொடங்கினார்கள். இந்தத் தடவை மூன்று பேர். துண்டு இல்லாத இடது கையை முனியம்மாள் பிடித்திருந்தாள். நடுத்தெருவில் புருஷன் கையைப் பிடித்து நடக்கிறாளே என்று எதிரில் வந்தவர்கள் பார்த்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. முன்பு நாள்கணக்கில் நடந்த தூரத்தை இப்போது வேகமாகக் கடந்தார்கள்.

5. கேட்

கெடு முடிகிற நாள். லீவு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். ஷிப்ட் சங்கு ஊதியது. உள்ளே பிரஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. காலடி மண் அதிர்ந்தது. ஏகாம்பரத்தின் சட்டை முதுகு நனைந்துவிட்டது. எங்களில் யாரும் போங்கள் என்று சொல்லவில்லை. முனியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சை இழுத்து விட்டார். மறுபடி இழுத்து விட்டார். பிறகு தானாகவே கையை விடுவித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

நாங்கள் அங்கேயே நின்றோம். எந்த நேரமும் ஓடி வருவார் என்றுதான் மூவருக்கும் நினைப்பு. வெயில் ஏறியது. கடைசியில் வாட்ச்மேன் வெளியே வந்தார்.

"இன்னாமா இன்னும் நின்னுகினு கீறீங்க? அவரு ஸ்டோர்ஸ்ல போல்ட்டு பிரிச்சுகினு கீறாரு. பொண்ணுக்குக் காலேஜ் லேட்டாவுதாம், போவச் சொன்னாரு."

செல்வி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். முனியம்மாள், "அதான் போவச் சொன்னாரு இல்ல, கெளம்பு" என்று அவளை அதட்டினாள். அதட்டிக்கொண்டே தானும் அழுதாள்.

ஏகாம்பரத்தின் பயம் முழுக்கப் போய்விடவில்லை. பிரஸ் ஷாப் பக்கம் அவர் கடைசிவரை போகவே இல்லை. ஸ்டோர்ஸிலேயே இருந்து ரிடையர் ஆனார் என்று செல்வி பிற்பாடு சொன்னாள்.

பயத்தைப் படிப்படியாகப் போக்கலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் படிகளைப் போர்டில் எழுதிப்போட எந்த டீச்சராலும் முடியும். ஒவ்வொரு படியிலும் அவசரப்படாமல் கூட நிற்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் பயம் இருக்கும் என்பதை நான் மண்ணூர்பேட்டையில்தான் படித்தேன். அதன் பிறகு, வீட்டில் இப்படி ஒரு கஷ்டம் என்று எந்த மாணவர் வந்து நின்றாலும் நோயாளியைப் பற்றி விசாரித்த கையோடு இன்னொன்றும் கேட்பேன்: "அவங்களப் பாத்துக்கிறது யாரு? அவங்க எப்படி இருக்காங்க?"