தட்டில் இல்லாத பன்னிரண்டு பூச்சிகள்

போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் வரிசையில் நின்றிருந்தேன். மனு என்னுடையதல்ல, பாண்டியம்மாளுடையது. வேடசந்தூர் போகும் வழியில், தரைப்பாலத்தை ஒட்டி ஆற்றங்கரையில் கத்தரி போட்டிருப்பவர். தை மாதம் ஆற்றில் ஏதோ கழிவு கலந்துவிட்டது. அது தெரியாமல் தண்ணீர் இறைத்துவிட, பாத்தி முழுக்கக் கருகிப்போனது.

ஆதாரம்? அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோமே... நானும் ஸ்டெல்லா டீச்சரும்.

மாதம் ஒரு ஞாயிறு, டீச்சர் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் இருவரும் ஆற்றில் இறங்குவோம். வலையைப் பிடித்துக்கொண்டு காலால் கூழாங்கற்களைக் கிளறினால், அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் வலைக்குள் வந்துவிடும். வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுவோம். வாலில் மூன்று இழை உள்ள ஒரு குட்டிப் பூச்சிக்கு ‘மூணுவால்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல தண்ணீரில்தான் அது பிழைக்கும். அது காணாமல் போய்ச் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் ஆற்றுக்குச் சீக்கு. எண்ணியதைத் தாளில் எழுதி வைப்போம். இதற்கு லேப் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும்.

தை மாதம் டீச்சர் ஊரில் இல்லை. என் முறை. அன்றைக்குப் பார்த்து ஆயக்குடியில் ஒரு காதுகுத்து. பந்தியில் இடம் கிடைக்கும்வரை சும்மாதானே இருக்கிறோம் என்று, மார்கழித் தாளைப் போனில் பார்த்துத் தைத் தாளை நிரப்பினேன். மார்கழியில் மூணுவால் பதினான்கு. அப்படியே போட்டால் சந்தேகம் வரும் இல்லையா? பன்னிரண்டு என்று போட்டேன்.

டீச்சர் எங்கள் தாள்கள் மொத்தத்தையும் பிரித்துப் பார்க்காமல் மனுவோடு சேர்த்திருந்தார்; திங்களன்று மூவரும்தான் போய் நின்றோம். அதிகாரி பொறுமையாகத்தான் படித்தார்.

“தை மாசம் தண்ணி கெட்டுப்போச்சுங்கிறீங்க. நீங்க வச்ச தாள்லயே தையில பூச்சியெல்லாம் நல்லா இருக்கேம்மா. அப்ப பயிர் கருகுனதுக்கு ஆறு எப்படிக் காரணமாகும்?”

பாண்டியம்மாள் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் — திறக்கவில்லை. மனு திரும்பி வந்தது.

வெளியே வந்து, வண்டி நிறுத்தும் இடத்தில் உண்மையைச் சொன்னேன். டீச்சர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. பாண்டியம்மாள்தான் கேட்டார்.

“அன்னைக்கு ஆத்துக்கு வரலைன்னு எழுதியிருந்தாக்கூடப் போதுமே சார். அம்புட்டுப் பேருக்கு முன்னாடி நான் பொய் சொன்னவளா நின்னுருக்க மாட்டேன்ல?”

வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

போகாத இடத்துக்குப் போனதாக, பார்க்காததைப் பார்த்ததாக நாம் எத்தனை கையெழுத்துப் போடுகிறோம்... பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில் தொங்கும் ‘சுத்தம் செய்தாச்சு’ அட்டை வரைக்கும். யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். தேவைப்படுகிற ஒருவர் ஒருநாள் படிக்கிறார்.

வரும் திங்கள் பாண்டியம்மாள் மறுபடி போகிறார். நானும் போகிறேன். பத்திரிகையில் வரும் இந்தப் பக்கத்தை வெட்டி மனுவோடு சேர்க்கப்போகிறோம். அதைப் படிக்கப்போகும் அதிகாரிக்கு ஒரு வரி —

ஐயா, அந்தப் பன்னிரண்டு பூச்சிகளும் ஆயக்குடிப் பந்தியில் பிறந்தவை.