ஐந்து மணிச் சோறு

ரினோசாவைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. 2011 ஜூலையில் அவள் எனக்குக் கொடுத்த பயம் அப்படி.

இலங்கைப் புத்தளத்துக்காரி. சிட்னியில் ஆபர்ன் பகுதியில் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். கீழே விழுந்த ஊசியைக் குனியாமலே கண்டுபிடிக்கும் கண். நான் திருச்சி, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறுதோறும் இருவரும் கிளிஃப்டன் கார்டன்ஸ் துறையில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்குவோம். பவளமும் வண்ணமும் தேடுகிறவர்கள் அங்கே வர மாட்டார்கள். அடியில் சேறு, பழைய கயிறு, பாட்டில். அந்தக் குப்பைக்குள் நகக்கண் அளவு உயிர்கள் ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடிப் படம் எடுப்பதற்குத்தான் மக் டைவிங் என்று பெயர்.

உடலோடு ஒட்டிய ரப்பர் உடுப்பு, தலைக்கு மூடி, கையுறை. அதன்மேல் ரினோசா முழங்கால்வரை தொங்கும் கறுப்புச் சட்டை ஒன்றையும் தானே தைத்துப் போட்டுக்கொள்வாள். "இங்க எல்லாரும் தலைய மூடித்தான் இருக்காங்க. என்னை ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறதில்ல அக்கா" என்பாள்.

அந்த வருடம்தான் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை போட்டுவிட்டு வயிற்றில் சாப்பாடு இல்லாமல் தண்ணீருக்குள் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செப்டம்பரில் இந்தோனேசியாவில் எரிமலைக் கருமணல் சரிவு ஒன்றில் இறங்க டிக்கெட் எடுத்திருந்தோம். அதற்கான பயிற்சியை அவள் விடுவதாயில்லை, அதனால் ஒவ்வொரு ஞாயிறும் கரையில் நான் கேட்பேன்.

"மாத்திரை போட்டியா? சாப்பிட்டியா?"

"ஓம் அக்கா, ரெண்டும் ஆச்சு."

அன்றும் அதே பதில். பன்னிரண்டு மணிக்கு இறங்கினோம்.

ஆறு மீட்டர் ஆழம், குளிர்ந்த நீர். மக் டைவிங்கில் முதல் விதி, சேற்றில் கால் படக் கூடாது. ஒரு முழம் மேலே மிதக்க வேண்டும். பட்டால் கலங்கிவிடும், பிறகு கை நீட்டினால் கையே தெரியாது. ரினோசா இதில் கெட்டிக்காரி. ஒரு மீனுக்கு மூன்று படத்துக்கு மேல் எடுக்கவும் மாட்டாள், அதன் கண் கூசுமாம்.

நான் படகுத்துறைத் தூணடியில், நெற்றியில் தூண்டில்போல் இழை நீட்டியிருக்கும் தூண்டில் மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் அவள் கேமரா மின்னியது. மீண்டும் மின்னியது. பத்துத் தடவை எண்ணியதும் திரும்பினேன். அவள் வெறும் சேற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு நண்டுகூட இல்லை.

விரலை வளைத்து, சரியா என்று கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு அவள் மெல்ல முழங்காலை மடக்கிச் சேற்றில் உட்கார்ந்தாள்.

சேறு புகைந்து எழுந்து அவளை மூடியது. உள்ளே ஃபிளாஷ் மட்டும் இரண்டு தடவை வெளிச்சம் காட்டிவிட்டு நின்றது. கலங்கலுக்குள் கையை விட்டுத் துழாவினேன். கயிறு. பாட்டில். கடைசியில் அவள் தோள்.

முகத்தருகே டார்ச் அடித்தேன். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. வாயிலிருந்த காற்றுக்குழாய் நழுவிக்கொண்டிருந்தது. அதை உள்ளே அழுத்தி, ஒரு கையால் தாடையோடு சேர்த்துப் பிடித்தேன். குமிழி வருகிறதா? வந்தது. அவள் மிதவை அங்கியில் கொஞ்சம் காற்றை நிரப்பி, குமிழியிலிருந்து கண்ணெடுக்காமல் மேலேற்றினேன். அந்த ஆறு மீட்டர் முடியவே இல்லை.

கரைக்கு இழுத்து வந்து மணலில் சாய்த்தேன். வேர்வையும் நடுக்கமும் பார்த்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. கொஞ்சம் நினைவு வந்ததும் ஆப்பிள் ஜூஸை உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நோன்பு" என்றாள்.

ரமலானுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"நோயாளிக்கு நோன்பு இல்லைன்னு என் வார்டுல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். குடிடீ."

குடித்தாள். இருபது நிமிடம் கழித்து அழுதாள். அப்புறம் சொன்னாள். சென்ற ரமலானில் மாதவிலக்கால் விட்டுப்போன நோன்புகளை அடுத்த ரமலானுக்குள் பிடித்து முடிக்க வேண்டும். ஆறில் ஐந்து முடிந்தது, இதுதான் கடைசி. பெண்கள் இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. வீட்டில் கணவர் ரிஃபாஸுக்குக்கூடத் தெரியாது. கடை திறக்கும் நாளில் நோன்பு வைத்தால் தலை சுற்றுகிறது என்று ஞாயிற்றுக்கிழமையில் வைத்திருக்கிறாள்.

"சாப்பிட்டேன்னு ஏன் பொய் சொன்ன?"

"பொய் இல்ல அக்கா. விடியக்காலம் அஞ்சு மணிக்குச் சாப்பிட்டனான். மாத்திரையும் அப்பதான். நோன்பெண்டு சொன்னா நீங்க எறங்க விட மாட்டீங்க."

அறைந்துவிடலாமா என்று இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

உடைந்த அந்த ஒரு நோன்பை, டாக்டரிடம் கேட்டு மாத்திரையை மாலைக்கு மாற்றி, ஒரு புதன்கிழமை என் வீட்டு சோபாவில் படுத்தபடி பிடித்தாள். நான் லீவு போட்டு, மணிக்கொரு தரம் விரலில் குத்திப் பார்த்தேன்.

செப்டம்பரில் கருமணல் சரிவுக்கு மேல் படகு நின்றது. முகமூடியை மாட்டப் போனவளின் கையைப் பிடித்தேன்.

"சாப்பிட்டியா?"

"ஓம்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு. நாசிகோரெங் சோறு. வாய மணந்து பாக்கப் போறீங்களா?"

முகர்ந்து பார்த்தேன். பிறகுதான் இறங்க விட்டேன்.