செல்விக்கு விழுந்த அடி

விருத்தாசலத்தில் சித்தி வீட்டு வாசலிலேயே தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. சித்தி நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்மூடிப் படுத்திருந்தாள்.

அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள் அவள். செராமிக் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைக் கத்தியால் சீவுவது அவள் வேலை. நாளெல்லாம் குனிந்தே இருப்பதால் சாயங்காலமானால் தலை பிளக்கும். பள்ளி விடுமுறையில் அவள் மகள் செல்வியும் நானும் அந்தப் பொம்மைகளை வெயிலில் காயவைப்போம். சூளைக்குப் போகாத பொம்மை லேசாகத் தட்டினாலே உடைந்துவிடும்.

செல்வி உடைத்தால் முதுகில் பளீரென்று ஒன்று விழும். "கண்ண எங்க வச்சிருக்க, எருமை?" சற்று நேரத்தில் சித்தி அவளையே மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

அந்த அடி எனக்கும் வேண்டுமென்று ஒருநாள் நானும் ஒன்றை உடைத்தேன். சித்தியின் நெற்றி நரம்பு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"போனா போவுது கண்ணு. கால்ல விழுந்துடுச்சா?"

வலி வந்தால் யாருக்கும் நிதானம் போய்விடும். என்னிடம் மட்டும் அவளுக்கு அது போகவே இல்லை. செல்வியின் முதுகிலிருந்த விரல் தடத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

இன்று உள்ளே வந்து சாத்தும்போது கதவு கையிலிருந்து நழுவிப் படாரென்று அடித்துக்கொண்டது.

"சனியனே, மெதுவா சாத்த மாட்டியா? தலையே வெடிக்குது" என்று கத்தினாள் சித்தி.

இத்தனை வருடம் கழித்துக் கிடைத்துவிட்டதே என்று அப்படியே நின்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"நீயாம்மா? செல்வின்னு நெனச்சிட்டேன். வெயில்ல வந்திருக்க, ஒக்காரு. டீ போடட்டுமா?"