தொடாதே, எண்ணு

லவோன் ப்ரீட்லண்டை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு. தேவாலயத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். பிரசங்கம் நீண்டால் வெளியே போய் மற்றவர்கள் கார்களின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே ஊருக்குள் பதினொரு வீடு மாறினாள். கார்வெல் ஒன்றும் சிகாகோ இல்லை. ஆறாயிரம் பேர், ஒரு ஆறு, சுற்றிலும் சோளம், அவ்வளவுதான். அதற்குள் பதினொரு வீடு மாற என்ன இருக்கிறது? கேட்டால், "அந்த வீட்டு ஜன்னல் என்னையே முறைக்குதுடி" என்பாள்.

முப்பத்திநான்கு வருஷம் பண்ணை வீடுகளுக்குத் தபால் வண்டி ஓட்டினாள். வண்டியின் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது கையை நீட்டி இடப்பக்கம் இருக்கிற ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாலையோரப் பெட்டிகளில் கடிதம் திணிக்கிற வேலை. அவள் உட்கார்ந்தது அங்கே மட்டும்தான். அந்த வலது கையின் கட்டைவிரல் மூட்டு இப்போது தேய்ந்து போய்விட்டது. செப்டம்பரில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பழைய பிடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, நான் சொல்லப்போகிற அந்த ஆகஸ்ட் சனிக்கிழமைதான் அந்தக் கைக்குக் கடைசி வாய்ப்பு. இது ஊருக்கே தெரியும்.

அவள் என் அண்ணன் டுவேனின் முன்னாள் மனைவி. அவனை விட்டாள், என்னை விடவில்லை. அறுபத்தொன்பது வயதாகிறது அவளுக்கு, எனக்கு இரண்டு குறைவு. வாரம் மூன்று நாள் கதவைத் தட்டாமல் என் சமையலறைக்குள் வந்து, காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போய்விடுவாள்.

அவள் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது ஒன்றுக்கு முன்னால் மட்டும்தான். ஹால்வர்சன் வீடியோ கேம் கூடத்தில், வலது மூலையில் இருக்கிற 'மூன் ஃபெர்ரி' பெட்டி. நிலவின் பள்ளங்களில் மாட்டிக்கொண்ட குட்டி மனிதர்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். மேலிருந்து பாறைகள் விழும். ஜாய்ஸ்டிக் குச்சியை இடம் வலம் தள்ளி ஒதுங்க வேண்டும். இருபதாயிரம் புள்ளிக்கு ஒரு உபரிப் படகு கிடைக்கும். படகெல்லாம் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. தீராதவரை ஆடிக்கொண்டே இருக்கலாம்.

1984இல் ஒரு நாள் காலையிலிருந்து ஆடி, பதினாறு லட்சத்தைத் தாண்டி, கையில் இன்னும் முப்பது படகு வைத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறான், சாப்பாடு இல்லை. நேரே கூடத்துக்கு வந்தான். பெட்டிக்குப் பின்னால் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. அவன் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்ப வர்றியா?" என்றான். அவள் அவனோடு போனாள், ஆறு மாதத்தில் அவனை விட்டு நிரந்தரமாகவே போனாள். பிளக்குக்காக விவாகரத்தானவள் என்று இன்றைக்கும் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் சிரிப்பு வந்ததே இல்லை.

அடுத்த மாதம் எங்கள் ஊர் லைல் ஸ்டாங்கே அதே பெட்டியில் பதினெட்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து நானூறு எடுத்தான். அவன் பெயர் கூடத்துச் சுவரில் இருக்கிற சாதனைப் பலகையில் ஏறியது. கூடத்துக்காரர் கிழவர் ஹால்வர்சனுக்கு மனசு கேட்கவில்லை. "உன் பேரையும் போடறேன், பாதியில நின்னதுன்னு கீழ எழுதிடறேன்" என்றார். "நான் ஆடாத ஆட்டத்துக்கு எனக்கு எதுக்கு மார்க்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு கால் டாலர் நாணயத்தைப் போட்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். அது மாதிரி நாற்பது வருஷம் போயிற்று. பலகையில் லைல் அசையவில்லை.

இப்போது கூடத்தை ஹால்வர்சனின் மருமகள் கேய் நடத்துகிறாள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அறுபது தாண்டியவர்களுக்கு ஒரு போட்டி. காலை ஆறு மணி முதல் இரவு எட்டு வரை. முழங்கால் பட்டை, இடுப்புப் பட்டை, மாத்திரை டப்பா சகிதம் முப்பது நாற்பது பேர் வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சாட்சிகள். மூன் ஃபெர்ரிக்கு ஒரு சாட்சி நான். பலகையில் பெயர் இருப்பவனுக்கு இன்னொரு சாட்சி நாற்காலியில் உட்கார உரிமை உண்டு, ஆகவே லைலும் கைத்தடியோடு வந்து உட்கார்ந்தான்.

சாட்சிக்கு வேலை அதிகமில்லை. ஆட்டக்காரருக்குக் கழிப்பறை போக வேண்டுமானால், சேர்த்து வைத்த படகுகளைச் சாக விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆளில்லாத படகு பத்து வினாடி தாங்கும், பாறை விழும், அடுத்த படகு வரும். படகு எரிப்பது என்போம். அந்த நேரத்தில் சாட்சி மீதிப் படகுகளை உரக்க எண்ண வேண்டும். பெட்டியைத் தொடக் கூடாது. தொடாதே, எண்ணு. இவ்வளவுதான் சட்டம். நான் முப்பது வருஷம் மாவட்ட நீதிமன்றத்தில் வாக்குமூலம் தட்டச்சு செய்தவள். பொய்ச் சாட்சி சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆறு மணிக்கு ஆரம்பித்தாள். ஆரம்பித்ததிலிருந்து வாய் மூடவில்லை. "ஏறுடா, ஏறித் தொலைடா, பஸ்ஸுக்கா நிக்கற?" என்று அந்தக் குட்டி மனிதர்களைத் திட்டினாள். இடது காலிலிருந்து வலது காலுக்கு, வலதிலிருந்து இடதுக்கு மாறி மாறி நின்றாள். பத்து மணிக்கு, "பெர்னி, செருப்ப மாத்துடி" என்றாள். நான் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி மாற்றினேன்.

"குதிரைக்கு லாடம் அடிக்கிற மாதிரியே இருக்கு" என்றான் லைல்.

"உதை வாங்காம இருக்கணும்னா தள்ளி உக்காருய்யா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மதியம் கேய் பன்றிக்கறி சாண்ட்விச் கொண்டுவந்து வாய் வாயாக ஊட்டினாள். கடுகு சாஸ் முகவாயில் வழிந்தது. துடைக்கப் போனால் தலையை உதறினாள். கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. என்னாலும் நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், பென்சிலைச் சீவினேன், சீவியதையே மறுபடி சீவினேன்.

இரண்டு முறை படகு எரித்துப் போய் வந்தாள். "படகு எரிக்கிறேன்!" என்று அவள் கத்தினால் கூடமே வழி விடும். கழிப்பறை அந்தக் கோடியில். அவள் முழங்காலுக்குப் போக ஒரு நிமிஷம், வர ஒரு நிமிஷம்.

நாலே முக்கால் மணிக்கு மூன்றாவது முறை. பதினேழு லட்சத்துத் தொண்ணூறாயிரம். கையில் இருபத்திரண்டு படகுதான்.

"பத்தாது, பொறுத்துக்கோ" என்றேன்.

"காப்பிய ஊத்தினது நீ. இப்ப பொறுத்துக்கோன்னா?" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

நான் எண்ண ஆரம்பித்தேன். இருபது. பத்தொன்பது. அந்தக் கோடியில் கதவை இடிக்கும் சத்தம். உள்ளே யாரோ இருக்கிறார்கள். "அடப் பாவி, வெளிய வா, நான் மூணு நிமிஷத்துல சாகப் போறேன்" என்று லவோன் அலறுவது கேட்டது. பதினாறு. பதினைந்து. லைல் எழுந்தான். "நாற்காலிய விடக் கூடாதுய்யா" என்றேன். "அந்தாளு செவிடு, அவ கத்தினா கேக்காது, தடியால இடிச்சாத்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றி விறுவிறுவென்று போனான். பதின்மூன்று. அவனுடைய பதினெட்டு லட்சத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் அவன் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். இருந்தாலும் போனான். மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் செவிடன் வெளியே வர, லவோன் உள்ளே பாய்ந்தாள். ஏழு. ஆறு. ஐந்து. கதவு திறந்து மூடியது. நான்கு. மூன்று. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. இரண்டு. அதுவும் போயிற்று. ஒன்று. கடைசிப் படகு நட்ட நடுவில் அசையாமல் நின்றது. மேலே பெரிய பாறை. லவோன் பாதி வழியில் ஓடி வருகிறாள், பெல்ட் தொங்குகிறது.

என் கை போயிற்று. நான் அனுப்பவில்லை. நானும் இந்தப் பெட்டியில் நாற்பது வருஷமாகக் காசைப் போட்டவள்தான், ஒன்றரை லட்சத்தைத் தாண்டியதில்லை. ஆனால் பாறை வந்தால் ஒதுங்க வேண்டும் என்பது கைக்குத் தெரியும். இடது பக்கம் ஒரு தள்ளு. பாறை பக்கத்தில் விழுந்து வெடித்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"எத்தனை?" என்று மூச்சிரைக்க வந்து குச்சியைப் பிடித்தாள்.

"ஒண்ணு" என்றேன். அது பொய் இல்லை.

அதற்குப் பிறகு அவள் ஆடிய ஆட்டத்தை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. ஒரே படகில் ஆரம்பித்து இன்னொன்று சம்பாதித்து, இழந்து, மறுபடி சம்பாதித்து. வாய் நின்றுவிட்டது, கால் மாற்றுவதும் நின்றுவிட்டது. ஜனம் பின்னால் கூடிவிட்டது. அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடவுளே, மூழ்கித் தொலையட்டும், நான் எதையும் சொல்ல வேண்டியிராது என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த மூச்சிலேயே வேண்டாம், வேண்டாம், அவள் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்குப் பதினெட்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து நானூறைத் தாண்டினாள். கூரை பெயர்ந்துவிடும் போலச் சத்தம். பதினெட்டு லட்சத்து எழுபத்தோராயிரத்தில் கடைசிப் படகு போயிற்று. அவள் இரண்டு கையையும் உதறிக்கொண்டு குதித்தாள், அறுபத்தொன்பது வயதில், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. லைல் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பலகையிலிருந்து தன் பெயர்த் தகட்டைத் தானே கழற்றத் தொடங்கினான்.

"நாப்பது வருஷமா இத பிளக்கு ரெக்கார்டுன்னே கூப்பிட்டீங்க. தொலைஞ்சுது சனியன்" என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான்.

கேய் தாளை நீட்டினாள். ஆட்டக்காரரைத் தவிர வேறு யாரும் பெட்டியைத் தொடவில்லை என்று அச்சடித்திருக்கும். கீழே சாட்சியின் கையெழுத்து. நான் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றேன். போட்டிருந்தால் போட்டதுதான், எந்தப் பிராணிக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அன்றைக்குக் கிழவர் ஹால்வர்சனிடம் "ஆடாத ஆட்டத்துக்கு எதுக்கு மார்க்கு" என்று அவள் கேட்டது எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"லவோன், நான் தொட்டுட்டேன்" என்றேன்.

"என்னத்த?"

"குச்சிய. கடைசிப் படகு. நீ ஓடி வந்துட்டிருந்தப்ப. கை தானா போயிருச்சு."

சத்தம் முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொருவராக அடங்கியது.

லைல்தான் முதலில் பேசினான். "நான் எதையும் பாக்கல. நாற்காலிய விட்டுப் போனது என் தப்பு. ஒரு தள்ளுதானே? விட்டுத் தள்ளுங்க. நான்தான பேர இழக்கறவன், நானே சொல்றேன்."

லவோன் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு நான் என்றைக்கும் பார்க்காத ஒன்றைச் செய்தாள். என் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு முழு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தைவிட அதெல்லாம் தேவலை. எங்கள் வீட்டுக் கை இரண்டாவது முறையாக அவள் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது. முன்னது கோபத்தில், இது பாசத்தில். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"எந்தப் பக்கம் தள்ளின?" என்று கேட்டாள்.

"இடது."

"ம். நானும் இடதுதான் தள்ளியிருப்பேன்." பிறகு லைலிடம் திரும்பி, "உன் பேர மாட்டுய்யா. ஸ்க்ரூவ நல்லா முறுக்கு" என்றாள்.

"லவோன்..."

"மாட்டுய்யான்னா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து முப்பத்தைந்து. எட்டு மணிக்குள் பதினெட்டு லட்சம் எட்டாது என்பது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பையில் கையை விட்டுக் கால் டாலர் ஒன்றை எடுத்தாள். வீங்கின விரல் பிடிக்கவில்லை, கீழே விழுந்தது. நான் குனிந்து எடுக்கப் போனேன்.

"தொடாத" என்றாள். தானே எடுத்துப் போட்டாள்.

படகு திரைக்கு வந்தது. கால்கள் மறுபடி மாறி மாறி நிற்க ஆரம்பித்தன. "பெர்னி, வந்து உக்காரு. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காரு" என்றாள்.

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னொரு நாற்காலியில் லைல் வந்து உட்கார்ந்தான். எட்டு மணிக்குக் கேய் விளக்குகளை அணைக்க ஆரம்பித்தபோது நாலு லட்சத்துச் சொச்சம் வந்திருந்தது. என் கைகள் மணிக்கட்டு வரை மரத்துப் போயிருந்தன, ஊன்றி எழ முடியவில்லை. லவோன் வந்து, அந்த வீங்கின கையாலேயே என்னைப் பிடித்து இழுத்து எழுப்பினாள்.