எந்த ஆறாங்கட்டை

பங்சார் அலுவலகத்தில் என் வேலை, இணைய வரைபடத்தில் ஊர்களுக்குக் குறியீடு போடுவது. இது கோயில், இது குடியிருப்பு, இது இன்ன சாலையில் இருக்கிறது என்று கணினிக்குப் புரியும்படி குறிக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு மைல்கல்தான் ஊர்ப்பெயர். ஆறாவது மைல் என்றால் ஆறாங்கட்டை. எந்தச் சாலை என்று ஒருவரும் சொல்லித் தொலைக்கமாட்டார்கள். அன்று திரையில் இரண்டு ஆறாங்கட்டைகள் இருந்தன. ஒன்று கிள்ளான் சாலையில், மற்றது ஜெஞ்சாரோம் பக்கம்.

"பேரு ஒண்ணுதானே, ரெண்டும் ஒரே இடம்னு டேக் போட்டுரு லா," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

போடப் போகும்போது அம்மா ஃபோன் செய்தார். "கார் நின்னுருச்சு தம்பி. ஆறாங்கட்டையில இருக்கேன். நெஞ்சு அடைக்குது."

அதோடு ஃபோன் அணைந்துவிட்டது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். எந்த ஆறாங்கட்டை என்று கேட்டார்கள். அம்மா எங்கே கிளம்பினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் அனுப்புங்கள் என்றேன். வண்டி ஒன்றுதான் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்றார்கள். குருட்டாம்போக்கில் கிள்ளான் என்று சொல்லிவிட்டேன்.

அங்கேதான் இருந்தார். ஆஸ்பத்திரியில் கண் திறந்தவர் என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏன் இப்படி பயந்து சாவுற? அதான் இடத்தைத் தெளிவா சொன்னேன்ல."